டிகாங்கிட்ட போய்த் தண்ணி கேக்கணுமாம்

பின்ன என்ன தம்பி, சக்கரம் வெச்ச பெட்டியை எவனாவது மாவுனுக்குக் கொண்டுட்டு வருவானா? இங்க தார் ரோட்டை விட்டு ஒரு அடி எறங்கினா மணலு. சக்கரம் உருளாது, உழும். லாட்ஜ் வாசல்லேர்ந்து என் டாக்ஸி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தியே, பின்னாடி திரும்பிப் பாத்தியா? ரெண்டு சால் விழுந்திருக்கு. சோளம் வெதைக்கலாம். கோவிச்சுக்காத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அஞ்சாறு பேரை ஏத்திக்கிட்டுச் சதுப்புக்குள்ள போகுதே குட்டி ஏரோப்ளேன், அதுல இந்த மாதிரிக் கெட்டிப் பெட்டியை ஏத்தவே மாட்டாங்க. துணிப் பைதான். அமுக்கினா அமுங்கணும், மூலையில திணிச்சா திணியணும். கேபரோன்ல உனக்கு டிக்கெட் வித்தவன் இதைச் சொல்லலையா? சொல்லமாட்டான். தலைநகரத்துக்காரங்களுக்கு மாவுன்னா என்ன, ஏரோப்ளேன் மாத்தற எடம். எறங்கு, ஏறு, யானையைப் பாரு, ஊருக்குப் போ. இங்க நடுவுல மனுசங்க குடியிருக்காங்கன்னு எவனுக்கும் ஞாபகமே இருக்கறதில்ல.

இரு, ஃபோன் அடிக்குது... ம்ம். அடிக்கட்டும். எங்க அக்காதான். விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. எடுக்கமாட்டேன். எதுக்கு எடுக்கணும்ங்கறேன்? எடுத்தா என்ன சொல்லப்போறா? 'பிட்ஸோ, எங்கடா இருக்கே, எல்லாரும் வந்தாச்சு, உன் ஒருத்தனுக்காக வாசல்லயே உக்காந்திருக்கோம்'பா. எனக்குத் தெரிஞ்சதையே திரும்பக் கேக்கறதுக்கு ஒரு ஃபோனா?

நீயே சொல்லு. நீயும் இந்த நாட்டுக்காரன்தானே, வழமை தெரிஞ்சவன்தானே. பொண்ணு கேக்கப் போறதுன்னா யாரு முன்னால நிக்கணும்? பையனோட தாய்மாமன். சூரியன் எழும்பறதுக்கு முன்னாடியே போயி பொண்ணு வீட்டுப் படலுக்கு வெளிய கூட்டமா உக்காந்துடணும். அவங்க பாத்தும் பாக்காத மாதிரி கெடப்பாங்க. நாம பொறுமையா கெடக்கணும். அப்புறமா தாய்மாமன் தொப்பியைக் கழட்டிட்டு, தலையைக் குனிஞ்சு, 'நாங்க ஒரு சுரைக்குடுவைத் தண்ணி கேட்டு வந்திருக்கோம்'னு சொல்லணும். பொண்ணுன்னு வாய்ல வரக்கூடாது, தண்ணின்னுதான் கேக்கணும். அதுவும் தாய்மாமன் வாய்லேர்ந்துதான் வரணும். சித்தப்பன் சொன்னா செல்லாது, பெரியப்பன் சொன்னா செல்லாது. மாமன் வரலைன்னா படலைத் திறக்கமாட்டாங்க. கேக்காமலே எந்திரிச்சுப் போனாங்கன்னு வெச்சுக்கோ, அது பொண்ணு வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! அப்புறம் அந்தத் திசையில தலைவெச்சும் படுக்க முடியாது. சம்பந்தம் அத்தோட முடிஞ்சுது.

இன்னிக்குத்தான் அது. என் மருமகன் ஒலெபிலேக்கு. கூடப்பொறந்த அக்கா பையன்.

நான் போகலை.

என்னத்துக்கு இப்படிப் பாக்கற? கண்ணாடில தெரியுது. எனக்கு வேலை இல்லையா? உன்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடணுமா இல்லையா? நீ நேரத்துக்குப் போகலைன்னா யாரு பதில் சொல்றது? நான் சவாரில இருக்கேன். அவ்வளவுதான்.

ஏய்! நகரு! நகருங்கறேன்! ...ஹார்னுக்கெல்லாம் இது மசியாது தம்பி. மாவுன் கழுதை. யானைக்குப் பயப்படாது, லாரிக்குப் பயப்படாது. நடு ரோட்டுல நின்னா தார் சூடு காலுக்கு இதமா இருக்குதாம். குளிர்காலம் பாரு. கழுதைக்குத் தெரியற சுகம்கூட... சரி விடு. கழுதையைப் பத்திப் பேசவே எனக்குப் பிடிக்கறதில்ல.

டுமெலா, மா! நல்லா இருக்கேன், மா! நீங்க எப்படி இருக்கீங்க? ...மீன் விக்கற அம்மா. நின்னு ஒரு டுமெலா சொல்லலைன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா 'பிட்ஸோவுக்குத் தலைக்கனம்'னு பரப்பிடும். பாத்தியா, என்னைப் பாத்ததும் அந்தம்மா முகம் போன போக்கை? அதுக்கும் தெரியும், இப்ப நான் எங்க இருக்கணும்னு. இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எங்கேயோ உள்ள போயி காட்டெருமையை ஒளிஞ்சிருந்து பாக்கறீங்களே, இங்க எங்களை ஊரே அப்படித்தான் பாக்குது.

பையன்ல கொறை இல்ல தம்பி. அதை மொதல்லயே சொல்லிடறேன். தங்கமான பையன். அவன் அப்பன் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுரங்க வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். என் கையிலதான் வளந்தான். கோலூன்றி மொகோரோ ஓட்டறான் பாரு சதுப்புல, அந்த மரப் படகு, நாணல் அசையாம போகும். வெள்ளைக்காரங்க அவனைக் கேட்டுக் கேட்டு வராங்க. நானா கத்துக்கொடுத்தேன்? இல்ல. எனக்குத் தண்ணின்னா... எனக்கும் தண்ணிக்கும் ஆகாது. அதை அப்புறம் சொல்றேன். ஆனா மூணு வேளை சோறு போட்டது நான். வெயில் காலத்துல தஸ்ஸூ கெழங்கும் கறியும்... ச்சே, தஸ்ஸூ இல்ல, ட்ஸ்வீ. பாரு, இன்னிக்கு எனக்கு வாயே குழறுது. அல்லிக் கெழங்கு தம்பி, கறியோட வேக வெச்சது, கேபரோன்ல எங்க கெடைக்கப்போகுது உங்களுக்கு. அதைச் சட்டியோட எடுத்துக்குவான். இன்னிக்கும் எங்க வீட்டுக்கு வந்தா நேரா அடுப்படிக்குத்தான் போவான்.

பொண்ணுலயும் கொறை இல்ல. செதூன்யா. ஏர்போர்ட்ல குட்டி ஏரோப்ளேன் கவுன்டர்ல பெட்டி நிறுக்கற வேலை. அவ மட்டும் இன்னிக்கு டூட்டில இருந்தா உன் பெட்டிக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பாத்திருப்பேன். கேக்கமாட்டா, ஆனா சிரிச்சுக்கிட்டே கேக்கமாட்டா. அப்படி ஒரு பொண்ணு. இப்ப வீட்டுல, உள் ரூம்ல, போர்வையைப் போத்திக்கிட்டு வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பா பாவம்.

பின்ன என்ன கொறைன்னு கேக்கற. கேக்க மாட்டியா பின்ன. அந்தப் பொண்ணுக்கு ஒரு தாய்மாமன் இருக்கானே! நான் குனிஞ்சு தண்ணி கேக்கணும்னா யார் முன்னாடி கேக்கணும்? நம்ம பக்கம் மாமன் பேசினா அந்தப் பக்கமும் மாமன்தானே பதில் பேசணும். அந்த மாமன் யார் தெரியுமா? டிகாங். டிகாங்! இந்தப் பரந்த பூமில, கலஹாரி மணல்ல எத்தனை மனுசன் இருக்கான், எத்தனை பொண்ணு இருக்கு, இந்தப் பயலுக்கு டிகாங்கோட அக்கா பொண்ணுதான் கெடைச்சுதா?

டிகாங்கைத் தெரியாதா உனக்கு? நேத்து ஏர்போர்ட் வாசல்ல பச்சைத் தொப்பி வெச்சுக்கிட்டு, முன்பல்லு தெரிய ஒருத்தன் நின்னிருப்பானே, 'டாக்ஸி, டாக்ஸி'ன்னு. அவன்தான். அவனும் டாக்ஸிதான், நானும் டாக்ஸிதான். ஒரே வரிசைல நிக்கறோம். ஆனா ஒரு வார்த்தை பேசிக்கறதில்ல... அட, அந்தப் பக்கம் எதுக்குத் திரும்பறேன்னா கேக்கற? இது குறுக்கு வழி.

இல்ல தம்பி, இந்தக் கழுதையை நீ முன்னாடி பாக்கலை. மாவுன்ல எல்லாக் கழுதையும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். அந்த அத்தி மரமா? அது... அத்தி மரமும் நெறைய உண்டு. ஆமா, கீழ நீலப் பீப்பாய் வெச்ச அத்தி மரமும் நெறைய உண்டு. நீ பேசாம வா. உன் ஏரோப்ளேன் எங்கயும் போயிடாது, பைலட் பையனை இப்பதான் ரொட்டிக் கடை வாசல்ல பாத்தேன், வாய் நெறைய மக்வின்யா, எண்ணெயில பொரிச்ச மாவு உருண்டை.

...

சரி. சரி, ஒத்துக்கறேன். அதே மரம்தான். இது போசேஜா பேட்டை. அதோ அந்த முள்வேலி போட்ட வீடு, அதான் பொண்ணு வீடு. லேசாக் குனிஞ்சுக்கோ, என்னைப் பாத்துடப்போறாங்க. சும்மா வேடிக்கை பாத்துட்டுப் போயிடலாம்னுதான். ஒரே ஒரு தடவை. ...ஆமா, ரெண்டு தடவை. இதோட மூணு. எண்ணிக்கிட்டா வர்ற? கேபரோன் ஆபீஸ்காரன்னா இப்படித்தான்.

பாரு, பாரு, படலுக்கு வெளிய. மணல்ல உக்காந்திருக்கறது எங்க ஆளுங்க. கட்டம் போட்ட போர்வை போத்திக்கிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கிட்டு நடுவுல இருக்கறது எங்க அக்கா. முட்டி வலி அவளுக்கு. கீழ உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். குளிருல விடியறதுக்கு முன்னாடி வந்து உக்காந்தவ, வெயிலே ஏறிடுச்சு இன்னும் உக்காந்திருக்கா. ம்ம்... எங்க அக்கா சின்ன வயசுலயே அப்படித்தான். பிடிச்சா விடமாட்டா. அந்தப் பக்கம் பாத்தியா, நிழல்ல நாற்காலி போட்டு, கோட்டு சூட்டோட மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கானே, அதான் டிகாங். தொப்பியைக் காணோம். தலை வழுக்கைன்னு இப்பதான் தெரியுது எனக்கு.

என்ன சண்டைன்னு கேக்கற. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. தண்ணியோட தப்பு அது.

இங்க ஆத்துக்குத் தண்ணி எப்படி வரும்னு தெரியும்ல? மழைக்கு வராது. மழை பெய்யறது அங்கோலாவுல. அங்க பெஞ்ச மழை, ஒகவாங்கோ சதுப்பு பூரா நாணலுக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து, மாசக்கணக்கா சோம்பேறி மாதிரி வந்து, இங்க ஒரு பொட்டு மேகம் இல்லாத குளிர்காலத்துல தமலகானே ஆத்துக்குள்ள எறங்கும். அதுவும் எப்படி? ஊரே ஆத்துப் படுகைல நின்னு வேடிக்கை பாக்கும். முன்னாடி நுரை தள்ளிக்கிட்டு, பூச்சியெல்லாம் ஓட, கொக்கெல்லாம் பின்னாடியே நடந்து வர, ஒரு விரக்கடை தண்ணி மணலை நக்கிக்கிட்டே வரும். சின்னப் பசங்க அதுக்கு முன்னாடி பின்னாடி நடப்பாங்க. நடக்கற வேகம்தான். ஆபத்தே இல்ல. தண்ணி வந்துடுச்சுன்னு தெரிஞ்சா ஒதுங்கி நிக்க வேண்டியதுதானே, இல்லையா? ஆமா, அப்படித்தான் எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க.

ஒரு வருசம் தண்ணி வந்த அன்னிக்கு நான் ஒரு ஜெர்மன்காரத் தம்பதியை ஏத்திக்கிட்டு வந்தேன். பாலம் சுத்து. காஞ்ச ஆத்துல எறங்கினா நேரா அக்கரை. டிகாங் கரையில நின்னுக்கிட்டு, 'பிட்ஸோ, எறங்காதே, தண்ணி வளைவு தாண்டிடுச்சு'ன்னான். நான் என்ன சொன்னேன்? 'அடுத்த வாரம்தான் வரும், எனக்கு நீ சொல்லித் தராதே'ன்னேன். வண்டியில ஆள் இருக்கும்போது ஒருத்தன் அப்படிச் சொன்னா பின்ன எறங்காம இருக்க முடியுமா? கௌரவம் இல்ல? எறங்கினேன். நடுப் படுகைல மணல்ல டயர் பொதைஞ்சுது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ள போகுது. அப்பவும் பாரு, தண்ணி தூரத்துலதான் இருக்கு. 'பாத்தியா, நேரம் இருக்கு'ன்னு கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் காலு ஜில்லுங்குது.

சிரிக்காத தம்பி. சிரிக்காதங்கறேன்ல. அந்த ஜெர்மன்காரங்க பயப்படலை. கைதட்டினாங்க! சஃபாரி இங்கேர்ந்தே ஆரம்பிக்குதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு ஃபோட்டோ எடுத்தாங்க. 'இதுக்குத் தனியா கட்டணம் உண்டா'ன்னு கேட்டாங்க. ஊரே கரையில நிக்குது. எங்க வீட்டுக்காரி நிக்கறா. ஒலெபிலே நிக்கறான். அந்த மீன்காரம்மா நிக்குது. தண்ணி முட்டி, அப்புறம் தொடை. முதல் தண்ணியோட முதலை வரும்னு எல்லாருக்கும் தெரியும், எவனும் கால் வைக்கலை. அப்ப டிகாங் போயி அவனோட நாலு கழுதையை ஓட்டிக்கிட்டு வந்து, இடுப்பு வரைக்கும் எறங்கி, என் வண்டில கயித்தைக் கட்டி... ம்ம். இழுத்தான். கழுதைங்க இழுத்துச்சு. கரையேத்திட்டான்.

சரி, ஏத்திட்டான். அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஏத்தினவன் சும்மா இருந்தானா? அன்னிலேர்ந்து ஏர்போர்ட்ல எவன் வந்து எறங்கினாலும், 'ஐயா, உங்களுக்கு டாக்ஸி வேணுமா, படகு வேணுமா? படகுன்னா அதோ பிட்ஸோ நிக்கறார்'ம்பான். வரிசையே சிரிக்கும். சின்னப் பைலட் பசங்கல்லாம் என்னை 'கேப்டன்'னு கூப்பிடறாங்க. நான் அன்னிக்கு அவனுக்கு ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்காதுன்னு எங்க வீட்டுக்காரி சொல்றா. அவளுக்கென்ன, சொல்லுவா. எல்லாரும் கைதட்டிக்கிட்டிருக்கும்போது எப்படிச் சொல்றது? நான் விடுவிடுன்னு வீட்டுக்கு நடந்துட்டேன். அப்புறம் நாள் ஆகிடுச்சு. நாள் ஆகிட்டா வார்த்தை தொண்டையிலயே காஞ்சுபோயிடுது தம்பி.

இப்ப யோசிச்சுப் பாரு. அந்த டிகாங் முன்னாடி, அத்தனை பேர் நடுவுல, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் போயி, 'தண்ணி கேட்டு வந்திருக்கோம்'னு சொல்லணும். தண்ணி! அவன் என்ன சொல்வான்? 'ஏன் பிட்ஸோ, அன்னிக்குக் குடிச்சது போதலையா?'ம்பான். படலுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பாங்க, இந்தப் பக்கமும் சிரிப்பாங்க. எங்க அக்காவே சிரிப்பா. செத்துடுவேன் நான்.

அதான் போகலை. கல்யாணம் நின்னா நிக்கட்டுமான்னு கேக்கற. நான் அப்படிச் சொன்னேனா? நிக்கணும்னா சொன்னேன்? அவன் நேத்து வந்தான் தம்பி, ஒலெபிலே. மாப்பிள்ளைப் பையன் இன்னிக்கு இங்க வரக்கூடாதுல, அதனால நேத்தே வந்தான். என் கோட்டை எடுத்துத் துவைச்ச மாதிரி தொடைச்சு, இஸ்திரி போட்டு, கதவு ஆணியில மாட்டினான். 'மாமா, காலையில குளிரும்'னான். அவ்வளவுதான் சொன்னான். என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரியும், என்னையும் தெரியும்.

ஆனா இப்ப ஒண்ணும் பண்ண முடியாது பாரு. கோட்டு இல்ல. கோட்டு இல்லாம ஆம்பளை படல் பக்கம் போக முடியுமா? வழமை விடாது. அது அங்கேயே ஆணியில தொங்குது. மறந்துட்டேன். ...மறந்துட்டேன்னா மறந்துட்டேன்தான், தம்பி. கதவைத் திறந்தா மூஞ்சில இடிக்கற எடத்துலதான் இருந்துச்சு, அதுக்கென்ன இப்ப? மனுசனுக்கு மறதி வராதா? வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடும், எல்லாரும் எந்திரிச்சுடுவாங்க. விதி. என் மேல தப்பில்ல.

என்ன பண்ற? பெட்டியை எதுக்குத் திறக்கற? சீட்டுல... டேய், டேய், துணியெல்லாம் சரியுது பாரு!

...

இது என்ன? கோட்டா? சதுப்புக்குப் போறவன் கோட்டு எடுத்துட்டா வருவான்? நீர்யானை முன்னாடி போட்டுக்கவா? ஓ, ராத்திரிச் சாப்பாட்டுக்கா. முகாம்ல மேசையெல்லாம் போட்டு மெழுகுவத்தி வெப்பாங்கன்னு டிக்கெட் வித்தவன் சொன்னானா. நல்லாச் சொன்னான். எல்லாரும் கம்பளியைச் சுத்திக்கிட்டு நெருப்பைச் சுத்தி உக்காந்திருப்பாங்க, நீ ஒருத்தன் நடுவுல கோட்டோட... இல்ல, இல்ல. எனக்கு வேணாம். வெளிர் நீலம் வேற. எனக்குப் பத்தாது. பாரு, கை இங்கயே நிக்குது. பட்டன் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே மாட்டேங்குது. உங்க தலைநகரத்துல யாரும் சாப்பிடறதே இல்லையா?

...கொஞ்சம் மூச்சை இழுத்துக்கிட்டா போட்டுக்கலாம்.

சரி, எறங்கு. இந்த மரத்துக்குப் பின்னாடி வா. அங்கேர்ந்து தெரியாது. இந்தப் பெட்டியை இப்படி நிறுத்து, அதுமேல உக்காரு. இப்பதான் இந்தப் பெட்டிக்கு ஒரு உபயோகம் வந்திருக்கு. நீ டிகாங். மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கோ. ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்துடறேன், வாய்ல வருதா பாக்கலாம். வந்தா போறேன், வரலைன்னா நேரா ஏர்போர்ட்டு. நான் கீழ மணல்ல உக்காந்துக்கறேன். தொப்பியைக் கழட்டியாச்சு. கண்ணை மூடிக்கறேன், உன் மூஞ்சியைப் பாத்தா சிரிப்பு வருது.

'நாங்க... ஒரு... டேய் டிகாங், பல்லைக் காட்டாதே, தண்ணி கேட்டுத்தான்டா வந்திருக்கேன்...' இல்ல. இது சரி வராது. கண்ணைத் திறக்காம மனசுக்குள்ள பத்துத் தடவை சொல்லிப் பாத்துக்கறேன். இரு.

'டிகாங் அவர்களே. நாங்க ஒரு சுரைக்குடுவைத் தண்ணி... கொடுத்தா கொடு, கொடுக்காட்டிப் போ, கழுதை மேய்க்கறவனே!' ச்சே. பாத்தியா? தானா வருது. நான் என்ன பண்ணட்டும். சரசரன்னு என்ன சத்தம்? ஆடு எதாச்சும் மேயுதா? விரட்டிவிடு. நீ எதுவும் பேசாதே, பேசினா எனக்கு மறந்துபோகும். மூச்சு விட்டுக்கறேன். இந்தக் கோட்டு வேற கழுத்தைப் பிடிக்குது.

...

'நாங்க ஒரு சுரைக்குடுவைத் தண்ணி கேட்டு வந்திருக்கோம். எங்க பையனுக்கு. நான் எப்படிப்பட்டவனோ இருக்கட்டும், டிகாங், பையன் நல்லவன். என்னை மாதிரி வீம்புக்காரன் இல்ல. தண்ணியைப் பாத்தா ஒதுங்கத் தெரிஞ்சவன். உங்க பொண்ணை நாணலுக்குள்ள விட்டுட்டு வரமாட்டான். அவனுக்கு அப்பன் இல்ல, நான்தான் இருக்கேன். நான் இருந்து என்ன பிரயோஜனம், இத்தனை நேரம் எங்க அக்காவை மணல்ல உக்கார வெச்சுட்டு வண்டில சுத்திக்கிட்டிருந்தேன். எங்க நீ எல்லார் முன்னாடியும் என்னைக் கேலி பண்ணிடுவியோன்னு பயம். அன்னிக்கு நீ முதலைத் தண்ணில இடுப்பளவு எறங்கினே. நான் எறங்கியிருப்பேனா உனக்காக? தெரியலை. எறங்கியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன். நீ செஞ்சது பெரிய உபகாரம். அன்னிக்கே சொல்லியிருக்கணும்.'

...

எப்படி, தம்பி? கொஞ்சம் நீளமோ? வழமைல இவ்வளவெல்லாம் கெடையாது. எங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. என்ன, பேச்சையே காணோம்... நீ ரப்பர் செருப்புல்ல போட்டிருந்தே? இதென்ன கறுப்பு ஷூ, பளபளன்னு...

டிகாங்.

நீ... எப்ப வந்தே? எதுலேர்ந்து கேட்டுக்கிட்டு நிக்கறே? கழுதைலேர்ந்தா? ...அப்ப எல்லாம் கேட்டுட்டே. அந்தப் பையன் எங்க? பெட்டி எங்க? அவனா வந்து உன்னைக் கூப்பிட்டான்? என்னன்னு? 'மரத்துக்குப் பின்னாடி ஒருத்தர் என் கோட்டைப் போட்டுக்கிட்டு மணல்ல உக்காந்து பொலம்பறார்'னா? கேபரோன்காரனை நம்பக்கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றது. இப்ப எங்க போனான்? உன் டாக்ஸிலயா! உன் பையன் ஓட்டிட்டுப் போறானா! கடைசில என் சவாரியையும் தூக்கிட்டியா நீ! ...இல்ல, இல்ல. சண்டைக்கு வரலை. போகட்டும். ஏரோப்ளேனைப் பிடிக்கட்டும் பாவம்.

இரு. நீ எப்படி வெளிய வந்தே? பொண்ணோட மாமன் படலைத் தாண்டலாமா? உள்ள நாற்காலில கல்லு மாதிரி உக்காந்திருக்கணும்ல நீ? வழமை தெரியாதா உனக்கு? ...பின் வேலி வழியாவா? முள்ளுல நுழைஞ்சா? புதுக் கோட்டு கிழிஞ்சிருக்கே டிகாங், இங்க பாரு, தோள்ல. எனக்காகவா?

கண்ணுல என்ன? மணலா. ம்ம். எனக்கும் மணல்தான்.

கையைக் கொடு, எந்திரிக்கறேன். எங்க அக்காவுக்கு இருக்கற முட்டிதான் எனக்கும். மெதுவா இழு. நான் காரு இல்ல. ...என்னது? இங்க சொன்னது செல்லாதா? படல் முன்னாடி வந்து, எல்லாரும் கேக்கத் திரும்பச் சொல்லணுமா? தண்ணி வரைக்கும்தானே? எல்லாமேவா? முதலையையும் சேத்தா? நீ மட்டும் நல்லவன் மாதிரி நிப்பே, நான் ஜெர்மன்காரங்க வரைக்கும் என் வாயாலயே சொல்லணுமா?

சரி. சொல்றேன். நானே சொல்லிட்டேன்னா இனிமே ஏர்போர்ட்ல உனக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்னு பாக்கறேன். நீ பின்பக்கமாவே போ. போயி நாற்காலில உக்காந்து, என்னை இன்னிக்குத்தான் மொதல் மொதல்ல பாக்கற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ. நான் முன்பக்கமா வரேன்.

அக்கா! எந்திரிக்காதே, எந்திரிக்காதே. உக்காரு. வந்துட்டேன்.